தரை இருந்தால்தான் தீபாவளி!

ஒண்ணாம் தேதி வாங்கின சம்பளத்தை ஒண்ணாம் தேதி ராத்திரிக்குள் காலி பண்ணிவிட்டு, மீதி இருபத்தொன்பது நாளையும் கைமாற்றில் ஓட்டுகிற ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு. ஆகாயத்திலும் உண்டு. நம் சூரியன் மூன்று நாள் ராப்பகலாக எரிந்து செலவழிக்கிற சக்தியைப் பத்து, இருபது விநாடியில் கொட்டித் தீர்த்துவிட்டு, 'யாரு, நானா?' என்கிற முகத்தோடு பழையபடி உட்கார்ந்துகொள்வார்கள். நாலைந்து மணி நேரம் போனால் மறுபடி அதே கூத்து. இந்த ரகத்துக்கு எக்ஸ்ரே பர்ஸ்டர் என்று பெயர்.

உடனே மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள். தெரியாது. வெடியில் பெரும்பங்கு எக்ஸ்ரேயாக வருகிறது. எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு பக்கம். அது நம் மாடி வரைக்கும் வந்து சேருவதே இல்லை என்பது இன்னொரு பக்கம். பூமியைச் சுற்றியிருக்கிற காற்று அத்தனையையும் மேலேயே விழுங்கிவிடுகிறது. பார்க்க வேண்டுமென்றால் ராக்கெட்டிலோ சாட்டிலைட்டிலோ கருவியை வைத்துக் காற்றுக்கு மேலே அனுப்பியாக வேண்டும்.

இந்தப் பத்து விநாடிக் கூத்தை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் ஒரு பெரிய கேள்வியை உரசிப் பார்த்தார்கள். கருந்துளை, கருந்துளை என்கிறார்களே, அதற்கு நிஜமாகவே தரை கிடையாதா? அந்தக் கதைதான் இது. நடுவில் கொஞ்சம் சமையலும் கொஞ்சம் வரவு செலவுக் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதாநாயகன். சூரியனைவிட எட்டு, பத்து மடங்கு கனமான நட்சத்திரம் ஒன்றுக்கு எரிபொருள் தீர்ந்துபோனால், அதன் நடுப்பகுதி தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் உள்ளே சரிகிறது. எவ்வளவு பாரம் வரைக்கும் தாங்கும்? சூரியனைப்போல சுமார் 1.4 மடங்கு வரைக்கும். இந்த எல்லைக்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர், 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிறபோது ஆரம்பித்த கணக்கு இது. 'வெள்ளைக் குள்ளன்' என்கிற ரக நட்சத்திரங்களுக்காகப் போட்டது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த வயதில் நாமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்கிற விசாரணை இங்கே வேண்டாம்.

எல்லையைத் தாண்டினால் எலக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றுக்குள் ஒன்று நசுங்கி நியூட்ரான் ஆகிவிடும். சூரியனைவிடக் கனமான ஒரு சமாசாரம், பாரிமுனைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் அடங்கிவிடுகிற உருண்டையாகிவிடும். குறுக்களவு இருபது, இருபத்து நாலு கிலோமீட்டர்தான். இதுதான் நியூட்ரான் நட்சத்திரம். அதிலிருந்து ஒரு டீஸ்பூன் எடுத்தால் நூறு கோடி டன்னைத் தாண்டும். அங்கே புவியீர்ப்பு (புவி இல்லாததால் வெறும் ஈர்ப்பு) நம் ஊரைவிடச் சுமார் 20,000 கோடி மடங்கு. இங்கே ஒரு கிராம் இருக்கிற கடலை மிட்டாய்த் துண்டு அங்கே 2 லட்சம் டன் கனக்கும்.

ஆசாமி தனியாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. பக்கத்தில் ஒரு ஜோடி நட்சத்திரம் வாய்த்தால்தான் ரகளை. ஜோடியின் மேலாடை மாதிரி இருக்கிற வாயுவை இவர் உறிஞ்ச ஆரம்பிப்பார். அந்த வாயு நேராக வந்து விழாது. ஸிங்க்கில் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குகிறதே, அந்த மாதிரி ஒரு தட்டாகச் சுற்றிக்கொண்டே உள்ளே இறங்கும். தரையைத் தொடும்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கு அருகில் போய்விடும். அந்த வேகத்தில் வந்து மோதினால் வாயு பல கோடி டிகிரி சூடாகும். அந்தச் சூட்டில் பழுப்பு, சிவப்பு எல்லாம் கிடையாது, நேரே எக்ஸ்ரேதான்.

இப்படி வருகிற எக்ஸ்ரேயை மனுஷன் முதலில் பார்த்தது 1962 ஜூன் 18 நள்ளிரவில். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பாலைவனத்திலிருந்து ரிக்கார்டோ ஜியாக்கோனி என்கிற இத்தாலிக்காரரின் குழு ஒரு சின்ன ராக்கெட்டை விட்டது. சந்திரனிலிருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. ராக்கெட் மேலே இருந்து பார்த்தது ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. அதற்குள் விருச்சிக ராசிப் பக்கமிருந்து எக்ஸ்ரே கொட்டுவது தெரிந்தது. ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். ஜியாக்கோனிக்கு 2002ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆறு நிமிஷ வேலைக்கு நாற்பது வருஷம் கழித்து இன்க்ரிமென்ட்.

ஆனால் அது தொடர்ந்து வருகிற எக்ஸ்ரே. வெடி வேறு.

நெதர்லாந்துக்காரர்கள் ஏ.என்.எஸ். என்று ஒரு சாட்டிலைட்டை 1974ல் அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய முதல் சாட்டிலைட் அது. 1975 செப்டம்பர் 28 அன்று அது தனுசு ராசியில் என்.ஜி.சி. 6624 என்கிற நட்சத்திரக் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான கிழட்டு நட்சத்திரங்கள் பந்து மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். அங்கே ஏற்கெனவே தெரிந்த ஓர் எக்ஸ்ரே புள்ளி, திடீரென்று ஒரு விநாடிக்குள் பல மடங்கு பிரகாசமாகி, மெல்ல மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. அமெரிக்காவின் ஜோனதன் கிரிண்ட்லேயும் டச்சுக்காரர் ஜான் ஹைஸேயும் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்.

அதே சமயம் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் இன்னொரு கோஷ்டி தங்களுடைய பழைய பதிவுகளில் இதே மாதிரி வெடிகளைக் கண்டெடுத்தது. அவர்களிடம் இருந்தவை 'வேலா' சாட்டிலைட்டுகள். வேவு பார்ப்பதற்காக அனுப்பப்பட்டவை. யாராவது ஒப்பந்தத்தை மீறித் திருட்டுத்தனமாக அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று கண்காணிப்பது அவற்றின் உத்தியோகம். ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, 1969 ஜூலை 7 அன்றே, வேலா ஒரு மகா வெடியைப் பதிவு செய்திருந்தது. அதுவும் இந்த ஜாதிதான் என்பது பிற்பாடுதான் புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த சாட்டிலைட் ஏமாறவே இல்லை. அது பார்த்தது அணு வெடிதான். வெடித்த இடம்தான் சோவியத் யூனியன் இல்லை.

ஆனால் இதெல்லாம் அணு வெடி என்று 1976ல் அடித்துச் சொல்ல ஆள் இல்லை.

கிரிண்ட்லேயும் ஹெர்பர்ட் குர்ஸ்கியும் அப்போது சந்தேகப்பட்டது கருந்துளையை. நட்சத்திரக் கொத்தின் நட்டநடுவில் நூறு சூரியனைவிடக் கனமான ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றியுள்ள சூடான வாயுவில் எக்ஸ்ரே மோதி மோதித் தாமதமாக வெளியே வருகிறது, அதனால்தான் வெடி மெல்ல அடங்குகிறது என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கருந்துளை அப்போது புது மாப்பிள்ளை. எந்த ஊர் விசேஷத்துக்கும் முதல் அழைப்பு அதற்குத்தான்.

மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது வெடியின் நிறம். கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது பார்த்திருப்பீர்கள். வெளுப்பாக இருந்தால் அதிகச் சூடு. ஆற ஆற மஞ்சள், அப்புறம் சிவப்பு. நிறத்தைப் பார்த்தே இத்தனை டிகிரி என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரேயிலும் நிறம் மாதிரி ஒன்று உண்டு. 1977ல் ஜீன் ஸ்வாங்க் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவும், எம்.ஐ.டி.யில் வால்ட்டர் லூயினின் குழுவும் அதை அளந்தன. வெடியின் உச்சியில் சுமார் 2, 3 கோடி டிகிரி. அடங்குகிறபோது சூடு குறைந்துகொண்டே வந்தது. அதாவது ஏதோ ஒன்று நிஜமாகவே சூடாகி, நிஜமாகவே ஆறுகிறது.

சூடு தெரியும், பிரகாசம் தெரியும், தூரம் ஏறக்குறைய தெரியும் என்றால் பொருளின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். போட்டார்கள். ஆரம் சுமார் 10 கிலோமீட்டர். அடங்குகிற நேரம் பூராவும் அளவு மாறவில்லை, சூடுதான் மாறியது. வேறு வேறு பர்ஸ்டர்களை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். பத்து கிலோமீட்டர் ஆரத்தில் ஓர் உருண்டை, அதன் தோல் சூடாகி ஆறுகிறது. தோல் இருந்தால் அது கருந்துளையாக இருக்க முடியாது. நம்ம நியூட்ரான் நட்சத்திரம்தான்.

சரி, எதனால் சூடாகிறது?

இதற்கு விடை வெடியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அச்சாகியிருந்தது என்பதுதான் இதில் ரொம்ப அழகு. 1975லேயே கார்ல் ஹான்சன், ஹ்யூ வான் ஹார்ன் என்று இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் ஹைட்ரஜனும் ஹீலியமும் விழுந்து சேர்ந்தால் அது அடுப்பு மாதிரி நிதானமாக எரியாது, குப்பென்று பற்றிக்கொள்ளும் என்பது அதன் சாரம். விலாசம் எழுதாத கவர் மாதிரி அது லைப்ரரிகளில் கிடந்தது. 1976ல் இத்தாலியின் லாரா மராஸ்கியும் அல்ஃபான்ஸோ கவாலியரேயும் ஒரு பக்கம், அமெரிக்காவில் ஸ்டான் வூஸ்லியும் ரொனால்ட் டாமும் ஒரு பக்கம், ஏறக்குறைய இதே யோசனைக்கு வந்தார்கள்.

அது எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதைச் சமையலறையில் வைத்துச் சொல்கிறேன். ஜோடியிடமிருந்து வந்த வாயு தரையில் படிந்து, சில மீட்டர் கனத்துக்கு ஒரு போர்வையாகிறது. உயரத்தில் ஒரு மாடி வீடு. ஆனால் அந்த ஈர்ப்பில் அதன் அடிப்பக்கம் பயங்கர அழுத்தத்தில் நசுங்குகிறது. கீழே ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாக மாறுகிறது. சேர்ந்துகொண்டே போகிற ஹீலியம் ஒரு கட்டத்தில், மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டு கார்பனாக மாற ஆரம்பிக்கிறது. இந்த வேலை சூட்டுக்கு ரொம்ப ரோஷம் உள்ளது. சூடு கொஞ்சம் ஏறினால் வேகம் பல மடங்கு ஏறும். வேகம் ஏறினால் சூடு இன்னும் ஏறும்.

நம் சூரியனுக்குள்ளும் அணு அடுப்பு எரிகிறது. அங்கே ஏன் வெடிக்கவில்லை? அங்கே சூடு ஏறினால் வாயு விரிந்து கொடுக்கும், விரிந்தால் ஆறும். குக்கருக்கு வெயிட் வால்வு மாதிரி, உஸ்ஸென்று ஒரு விசில் விட்டுச் சமாளித்துக்கொள்ளும். இங்கே போர்வை மெல்லிசு, ஈர்ப்பு அசுரத்தனம். ஒரு மீட்டர் விரிந்தாலும் மேலே உள்ள பாரம் பாரம்தான்; அழுத்தம் குறைவதில்லை. விசிலே இல்லாத குக்கர். ஓரிடத்தில் பற்றிய தீ, சுமார் ஒரு விநாடியில் அந்த நகர அளவு உருண்டை முழுக்கப் பரவிவிடுகிறது. எரிகிற சரக்கின் எடை நம் பூமியைச் சுற்றியுள்ள காற்றின் மொத்த எடையைவிடக் குறைவுதான். அதில்தான் சூரியனின் மூன்று நாள் வருமானம்.

சில வெடிகளில் வெளிச்சத்தின் தள்ளுவிசையே ஈர்ப்பை ஜெயித்துவிடும். அப்போது நட்சத்திரத்தின் தோல் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி எழுந்து, மறுபடி தரையில் வந்து படியும். இரண்டே விநாடியில் இதெல்லாம் நடந்துவிடும். அந்த பூரி எவ்வளவு வெளிச்சத்தில் உப்பும் என்பது தெரிந்த கணக்கு. அதை வைத்து அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

இதை எல்லாம் ஒரு நாள் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பர் பாதி வடையோடு நிறுத்தினார்.

"இருங்க சார். மேலேருந்து விழறதுலயே எக்ஸ்ரே வருதுன்னீங்க. அப்புறம் எரியறதுல வருதுங்கறீங்க. ரெண்டுல எது பெரிய அமவுண்ட்?"

"விழறதுதான். ஒவ்வொரு புரோட்டானும் விழுந்ததுல 200 ரூபாய் சம்பாதிக்குதுன்னு வெச்சுக்குங்க. அதுக்கப்புறம் எரிஞ்சு கிடைக்கறது ஒண்ணரை ரூபாய்லேருந்து அஞ்சு ரூபாய் வரைக்கும்."

"அப்ப இந்த அஞ்சு ரூபாய் சில்லறை, 200 ரூபாய் வெளிச்சத்துல எப்படி சார் கண்ணுல படும்? கணக்கு டேலி ஆகலையே!"

ஆடிட்டர் கேள்வி. 1976, 77ல் விஞ்ஞானிகளுக்கும் வயிற்றைக் கலக்கிய கேள்வி இதுதான். (ரூபாய் என்று நான் சொன்னதை அவர்கள் மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்பார்கள். எண்கள் அதேதான்.)

விடை, உண்டியல். விழுகிற 200 ரூபாய் அன்றாடங்காய்ச்சி. வர வர எக்ஸ்ரேயாகச் செலவாகிறது. சில்லறை மட்டும் எரியாமல் உண்டியலில் சேருகிறது. நாலு மணி நேரம் சேர்த்தால் 14,400 விநாடி. அதில் நூறில் ஒரு பங்கு என்றால் 144 விநாடி வருமானம். அதைப் பத்து விநாடியில் உடைத்துச் செலவழித்தால்? வழக்கமான வெளிச்சத்தைப்போலப் பதினாலு மடங்கு. ஜெகஜ்ஜோதியாகத் தெரியத்தானே செய்யும்!

அப்படியென்றால் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பர்ஸ்டர் இரண்டு வெடிக்கு நடுவில் கொட்டுகிற மொத்த எக்ஸ்ரேயை, வெடியில் வருகிற எக்ஸ்ரேயால் வகுத்தால் நாற்பதோ, நூறோ, அதற்குக் கொஞ்சம் மேலோ வர வேண்டும். பல பர்ஸ்டர்களில் வந்தது. நண்பர் மீதி வடையைச் சாப்பிட்டார்.

ஆனால் ஒரே ஒரு பயல் மட்டும் கணக்கில் கை வைத்தான். 1976 மார்ச்சில் லூயினின் குழு எஸ்.ஏ.எஸ்.-3 என்கிற சாட்டிலைட் மூலம் கண்டுபிடித்த 'ராப்பிட் பர்ஸ்டர்'. மற்றவர்கள் மணிக்கணக்கில் ஒரு வெடி போட்டால், இவன் விநாடிக்கணக்கில் சரவெடி. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வெடிப்பான். அதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தான்: பெரிய வெடி போட்டால் அடுத்த வெடிக்கு நெடுநேரம் காத்திருப்பான், சின்ன வெடி போட்டால் உடனே அடுத்தது. இதற்கெல்லாம் சில்லறையை எங்கிருந்து சேர்ப்பான்? பத்து விநாடியில் உண்டியல் நிறையுமா? அணு எரிப்புக் கணக்கு இவனிடம் சுத்தமாக உதைத்தது. எல்லா பர்ஸ்டர்களும் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டிருந்த லூயின் குழுவுக்கு, இவன் ஒருவனுக்காகவே அணு எரிப்பு யோசனையை நம்பத் தயக்கமாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்தது ஜெஃப்ரி ஹாஃப்மன், ஹெர்மன் மார்ஷல், லூயின் மூவரும். 1977 கடைசியில் ராப்பிட் பர்ஸ்டரின் சரவெடிப் பதிவுகளைத் தோண்டினபோது, நடுநடுவே சில வெடிகள் மட்டும் தனி ஜாதியாக இருந்தன. அவை மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்தன. சரவெடியின் ஒழுங்கில் சேரவில்லை. முக்கியமாக, ஆறிக்கொண்டே அடங்கின. சரவெடி ஆறவில்லை. அதாவது ஒரே ஆள் இரண்டு வியாபாரம் பார்க்கிறான். சரவெடி என்பது 200 ரூபாய் வருமானமே விட்டு விட்டு விழுவது. மேலே தட்டில் வாயு தேங்கி, திபுதிபுவென்று இறங்குகிற சமாசாரம். மணிக்கணக்கில் வருவதுதான் அசல் உண்டியல். இரண்டின் மொத்தச் சக்தியையும் வகுத்துப் பார்த்தார்கள். நூறு மடங்குக்குக் கொஞ்சம் மேல்! கணக்கைக் கெடுத்த பயலே கடைசியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டான்.

உண்டியல் வெடிக்கு முதல் வகை என்றும் சரவெடிக்கு இரண்டாம் வகை என்றும் 1978ல் பெயர் வைத்தார்கள். இந்த ஹாஃப்மன் அந்தக் கையோடு விண்வெளி வீரராகச் சேர்ந்து, 1993 டிசம்பரில் ஹப்பிள் டெலஸ்கோப்பை ஆகாயத்தில் நடந்து ரிப்பேர் செய்த குழுவில் ஒருவர். சிலருக்கு ஒரு ஜென்மத்தில் இரண்டு பயோடேட்டா.

அதே 1978ல் இன்னொரு அழகான காரியம் நடந்தது. வெடியின்போது எக்ஸ்ரே மட்டும்தானா, சாதாரண வெளிச்சமும் வருமா என்று முந்தின வருஷமே பல நாட்டு டெலஸ்கோப்புகள் காத்துக் கிடந்து ஏமாந்திருந்தன. ஜூன் 2 அன்று கிடைத்தது. சாட்டிலைட்டில் எக்ஸ்ரே வெடி. தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்த டெலஸ்கோப்பில் வெளிச்ச வெடி. இரண்டாவது மட்டும் சுமார் மூன்று விநாடி லேட். எக்ஸ்ரே போய்ச் சுற்றியுள்ள வாயுத் தட்டில் பட்டு, அதைச் சுடவைத்து, அந்தத் தட்டு ஒளிர்ந்து நமக்குத் தெரிய ஆன நேரம் அது. மலையடிவாரத்தில் கூப்பிட்டால் எதிரொலி வருகிறதே, அதேதான். அந்தக் குடும்பத்தின் வீடு எவ்வளவு பெரிது என்பதை எதிரொலியிலேயே அளந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் போனார்கள். 1995 டிசம்பரில் நாசா அனுப்பிய ராஸி சாட்டிலைட், ஒரு விநாடியை லட்சக்கணக்கான துண்டுகளாக நறுக்கிப் பார்க்கக்கூடியது. 4யு 1728-34 என்கிற பர்ஸ்டரின் வெடி வெளிச்சம் விநாடிக்கு 363 தடவை துடிப்பதை 1996ல் கண்டுபிடித்தார்கள். தீ ஓரிடத்தில் பற்றுகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த எரிகிற இடம், நட்சத்திரம் சுற்றச் சுற்ற நமக்கு முகம் காட்டி மறைகிறது. கலங்கரை விளக்கம் மாதிரி. ஆனால் அது சுழற்சிதானா என்று சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. விநாடிக்கு 401 தடவை சுழல்கிறது என்று ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த ஸாக்ஸ் ஜே1808 என்கிற நட்சத்திரம் 2002 அக்டோபரில் வெடித்தது. எம்.ஐ.டி.யின் தீப்தோ சக்ரவர்த்தி குழு அந்த வெடியின் துடிப்பை எண்ணியது. 401. சந்தேகம் தீர்ந்தது. தாம்பரம் வரைக்கும் நீளுகிற ஓர் உருண்டை, உங்கள் வீட்டு மிக்ஸியைவிட வேகமாகச் சுற்றுகிறது என்பதை மனசில் ஓட்டிப் பாருங்கள். தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை.

கடிகாரம் மாதிரி வெடிக்கிற பேர்வழியும் உண்டு. ஜி.எஸ். 1826-24 என்று பெயர். 1990களின் கடைசியில் பார்த்தபோது சுமார் 5.75 மணிக்கு ஒரு வெடி. சில வருஷத்தில் விழுகிற வாயு அதிகமானது. இடைவெளி சுமார் 4 மணியாகக் குறைந்தது. வருமானம் கூடினால் உண்டியல் சீக்கிரம் நிறையும் என்கிற கணக்குக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். ஆனால் கடிகாரமும் 2014 ஜூனில் ஒழுங்கு தவறியது. வாயு விழுகிற விதம் மாறியதில் வெடியும் சின்னதாகி, நேரமும் தாறுமாறாகப் போய்விட்டது.

2019 ஆகஸ்ட் 20 அன்று, மேலே சொன்ன 401 ஆசாமி போட்ட வெடி இன்னும் பிரசித்தம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் மாட்டியிருக்கிற நைசர் என்கிற கருவி அதைப் பிடித்தது. 20 விநாடியில் சூரியனின் ஏறக்குறைய பத்து நாள் சக்தி. ஏறுகிறபோது வெளிச்சம் நடுவில் ஒரு கணம் தயங்கி, அப்புறம் மேலே போனது. முதலில் ஹைட்ரஜன் படலம் ஊதித் தள்ளப்பட்டது, அடுத்து ஹீலியம் எழுந்தது என்று விளக்கம் சொல்கிறார்கள். 11,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு படலம் உரிவதை ஒரு கணத் தயக்கத்தில் படித்துவிடுகிறார்கள்.

நம்மவர்களும் இந்த ஆட்டத்தில் இருக்கிறார்கள். இந்தியாவின் முதல் சாட்டிலைட்டான ஆரியபட்டா 1975ல் போனபோதே அதில் எக்ஸ்ரே கருவி இருந்தது. மின்சாரக் கோளாறில் நாலைந்து நாளில் நின்றுபோனது. அப்புறம் ஆஸ்ட்ரோசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது 2015 செப்டம்பர் 28. டச்சு சாட்டிலைட் முதல் வெடியைப் பார்த்த அதே தேதி, சரியாக நாற்பது வருஷம் கழித்து. தற்செயல்தான். ஆஸ்ட்ரோசாட்டில் இருந்த மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கருவியும் அந்த 4யு 1728-34ன் 363 துடிப்பைத் தன் பங்குக்கு எண்ணிக் காட்டியது.

இனி, தரை சமாசாரம்.

2002ல் ரமேஷ் நாராயண், ஜெரமி ஹெய்ல் இரண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. படித்து, ஹார்வர்டில் பேராசிரியர் ஆனவர். அவர்கள் எழுப்பிய வாதம் இவ்வளவுதான். கருந்துளைகளிலும் ஜோடி உண்டு. அங்கேயும் வாயு சுழன்று சுழன்று விழுகிறது. விழுந்த சரக்கு ஒரு தரையில் சேர்ந்தால், போர்வையாகப் படிந்து, அடி அழுத்தம் ஏறி, எப்போதாவது ஒரு நாள் குப்பென்று பற்றித்தான் தீர வேண்டும். தரை என்று ஒன்று இல்லாமல், போனது போனதுதான் என்கிற ஓட்டையாக இருந்தால் எதுவும் சேராது, வெடியும் கிடையாது. ஆகவே வெடி வராததே தரை இல்லை என்பதற்கு அடையாளம்.

உண்டியலுக்கு அடி இருந்தால்தானே காசு சேரும்!

எதிர்க்கட்சி சும்மா இருக்கவில்லை. அதே வருஷம் மாரெக் அப்ரமோவிச் முதலான மூன்று பேர், கருந்துளைக்குத் தரை இல்லை என்பதை இப்படியெல்லாம் கண்ணால் பார்த்து நிரூபிக்க முடியாது, நமக்குத் தெரியாத வேறு ஏதோ பொருள் அங்கே இருந்து, அதன் மேல் வெடி வராமல் இருக்கலாம் என்று எழுதினார்கள். நியாயமான ஆட்சேபணைதான். ஒருவர் வீட்டில் பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை என்பதால் அங்கே வீடே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் எத்தனை தீபாவளிக்குக் கேட்கவில்லை என்று எண்ணிப் பார்க்கலாம் இல்லையா?

எண்ணினார்கள். ரொனால்ட் ரெமிலார்ட் குழு, 1996லிருந்து 2004 வரைக்கும் ராஸி சாட்டிலைட் சேகரித்த பதிவுகளைப் புரட்டி 2006ல் முடிவை வெளியிட்டது. நியூட்ரான் நட்சத்திரங்களை மொத்தம் 37 லட்சம் விநாடி பார்த்ததில் 135 வெடிகள். கருந்துளை என்று தெரிந்த, அல்லது சந்தேகப்பட்ட, 18 பேரை 65 லட்சம் விநாடி பார்த்ததில், உறுதியாகச் சொல்லக்கூடிய வெடி ஒன்றுகூட இல்லை.

முதல் வெடியின்போது குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது கருந்துளைதான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்தப் பூஜ்யத்தைப் படித்தால் சுவாரஸ்யம் கூடும்.

2020ல் பர்ஸ்டர் வெடிகளின் ஒரு பெரிய பட்டியல் வெளியானது. மின்பார் என்று பெயர். மூன்று சாட்டிலைட்டுகளின் பதிவுகளிலிருந்து 85 நட்சத்திரங்கள், 7,083 வெடிகள். அக்கவுண்ட்ஸ் நண்பரிடம் இந்த எண்ணைச் சொன்னேன். "அதுல கருந்துளை ஐட்டம் எத்தனை?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "நில் ஸ்டேட்மென்ட்டா? பேஷ், அதையும் ஃபைல் பண்ணி வெக்கணும் சார்" என்று வடைக்கு ஆர்டர் கொடுத்தார்.